தபால் ஆட்டமா, சர்வர் ஆட்டமா?

கம்ப்யூட்டரில் வியூக விளையாட்டு ஆடுபவர்கள் மத்தியில் ஒரு பழைய சண்டை உண்டு. ஒருவர் தன் முறையை ஆடி முடித்துவிட்டு, ஆட்டக் கோப்பை அடுத்தவருக்கு ஈமெயிலில் அனுப்புவார். அவர் ஆடி அதற்கடுத்தவருக்கு அனுப்புவார். இப்படியே சுற்றி வரும். இது ஒரு முறை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சர்வரிலோ, நம்மில் ஒருவருடைய கம்ப்யூட்டரிலோ நேரடியாக இணைந்து உட்கார்ந்து ஆடுவது இன்னொரு முறை. "மெயில்ல ஆடுறதெல்லாம் டயல்-அப் காலத்தோட போச்சுடா, இப்பதான் மலிவா டேட்டா கிடைக்குதே" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். அவர்களுக்கான பதில்தான் இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோசித்து ஆட வேண்டிய ஆட்டம் என்றால் எனக்கு மெயில்தான். வேடிக்கைக்கு, கூச்சலுக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு நேரடி இணைப்பு.

இது என்னவோ வெள்ளைக்காரன் கம்ப்யூட்டர் கண்டுபிடித்த பிறகு வந்த பழக்கம் என்று நினைத்தால் தப்பு. 1824 முதல் 1828 வரை லண்டன் செஸ் சங்கமும் எடின்பரோ செஸ் சங்கமும் கடிதம் மூலமாகவே ஐந்து ஆட்டம் ஆடின. எடின்பரோ ஜெயித்தது. அது முடிந்த கையோடு, 1828-29இல், நம் மதராஸும் ஹைதராபாத்தும் அதே மாதிரி தபாலில் இரண்டு ஆட்டம் ஆடியிருக்கின்றன! மதராஸ் பக்கம் ஆடியவர்களில் முக்கியமானவர் குலாம் காசிம். அவரும் ஜேம்ஸ் காக்ரேன் என்பவரும் சேர்ந்து அந்த இரண்டு ஆட்டங்களையும், மூஸியோ கேம்பிட் என்ற தொடக்க முறையைப் பற்றிய ஆராய்ச்சியையும் 1829இல் மதராஸிலேயே புத்தகமாகப் போட்டார்கள். செஸ் புத்தகங்களில் இன்றைக்கும் 'குலாம் காசிம் கேம்பிட்' என்று ஒரு வகை இருக்கிறது. ராஜா பக்கத்துக் குதிரையை எதிராளியின் சிப்பாய் வெட்டட்டும் என்று விட்டுவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. ரயில் கிடையாது, தந்தி கிடையாது. தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மாறி மாறி ஓடிய காலம். ஒரு குதிரையை நகர்த்திவிட்டுப் பதிலுக்காக நாள்கணக்கில் காத்திருந்தவர்கள்தான் இப்படி நிதானமாக ஒரு குதிரையைப் பலி கொடுக்கவும் யோசித்திருக்கிறார்கள். ஐந்து நிமிட ஆட்டத்தில் எனக்கு அந்த யோசனை வந்திருக்காது, உங்களுக்கும் வந்திருக்காது.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம்.

நாங்கள் நான்கு பேர் பள்ளிக்கூட நண்பர்கள். ஒருவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறான். ஒருவன் சென்னையில் இரவு ஷிப்ட். ஒருவன் செஞ்சியில் அப்பாவோடு கடையில் இருக்கிறான், இரவு ஒன்பதரைக்கு முன்னால் ஷட்டரை இறக்க முடியாது. நான் சீயமங்கலத்தில் இருந்து காலேஜுக்குப் பஸ்ஸில் போய் வருகிறவன். எங்கள் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு மணி நேரம் கிடைப்பது தீபாவளிக்கு ஒரு தரம், பொங்கலுக்கு ஒரு தரம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளில் பத்து நிமிடம் எப்படியும் கிடைத்துவிடும். நேரடி இணைப்பு கேட்பது அந்த இரண்டு மணி நேரத்தை. மெயில் கேட்பது பத்து நிமிடத்தை. எங்களுக்கு மெயிலை விட்டால் ஆட்டமே கிடையாது. இதில் ரசனை, வசதி என்று பேசுவதற்கு ஒன்றுமில்லை.

நாங்கள் ஆடுவது 2005இல் வந்த சிவிலைசேஷன் 4. பழசுதான். ஆனால் அதில் எல்லா வழியும் இருக்கிறது: ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்காருவது, ஈமெயில், ஐபி முகவரி கொடுத்து நேரடியாக இணைவது, பிறகு 'பிட்பாஸ்' என்று ஒன்று. பிட்பாஸில் ஒரு கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஆட்டத்தைத் திறந்தே வைத்திருக்கும். அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் உள்ளே வந்து தன் முறையை ஆடிவிட்டுப் போகலாம். எல்லாரும் ஆடியதும், அல்லது கெடு முடிந்ததும், அடுத்த சுற்று.

நேரடி ஐபி இணைப்பை நாங்களும் முயன்று பார்த்தோம். ஆட்டத்தை நடத்துபவரின் கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய ஒரு பொது முகவரி வேண்டும். நம் ஊரில் மொபைல் டேட்டாவில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் கிடையாது. இணைப்புக் கம்பெனி நூற்றுக்கணக்கான பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கும். அபார்ட்மென்டுக்கு வெளியே ஒரே ஒரு தபால் பெட்டி, உள்ளே எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது என்கிற மாதிரி. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து நம்மைத் தேடி யாரும் வர முடியாது. இதைச் சுற்றிக்கொண்டு போக மென்பொருள்கள் இருக்கின்றன. அதை நான்கு கம்ப்யூட்டரிலும் போட்டுச் சரிசெய்து முடிப்பதற்குள் ஒருவனுக்கு ஷிப்ட் வந்துவிடும். மெயிலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கோப்பு ஒரு போட்டோவை விடச் சின்னது. பஸ்ஸில் வரும்போது சிக்னல் கிடைத்த இடத்தில் போனிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் கரண்ட் இருக்கும்போது கம்ப்யூட்டரில் போட்டு ஆடலாம்.

சர்வர் கட்சிக்காரர்கள் சொல்லும் ஒரு விஷயத்தை மட்டும் நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அது கணக்கு. மெயில் ஆட்டத்தில் ஒருவர் முடித்தால்தான் அடுத்தவருக்குக் கோப்பு போகும். ஆகவே எல்லாருடைய தாமதமும் கூட்டல் ஆகும். ஒருவன் 2 மணி நேரம், ஒருவன் 3, ஒருவன் 8, ஒருவன் 10 மணி நேரம் எடுத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 23 மணி நேரம். அதே ஆட்டம் பிட்பாஸில் நடந்தால் எல்லாரும் ஒரே சமயத்தில் ஆடலாம். அங்கே மிகவும் மெதுவானவனின் தாமதம் மட்டும்தான், அதாவது 10 மணி நேரம். பத்துப் பேர் ஆடினால் மெயில் ஆட்டம் நகரவே நகராது. சாதாரண வேகத்தில் சிவிலைசேஷன் 4 முழு ஆட்டம் 500 சுற்று வரை போகும். நாளைக்கு ஒரு சுற்று என்று வைத்தால் ஒரு வருஷம் நாலு மாசம்! பி.காம். முதல் வருஷத்தில் ஆரம்பித்தால் இரண்டாம் வருஷ நடுவில் முடியும். (அரியர் இல்லாமல் இருந்தால், எங்கள் டிகிரியை விட ஆட்டம் சீக்கிரம் முடியும் :-) )

ஆனால் இதில் கவனித்துப் பார்த்தால், பிட்பாஸ் என்பது நேரடி ஆட்டத்துக்கு ஆதரவான வாதமே அல்ல. அது சர்வரில் நடக்கும் தபால் ஆட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டாம் என்கிற மெயிலின் குணத்தை எடுத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் தொல்லையை மட்டும் கழித்திருக்கிறார்கள். இதற்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார்: டிப்ளமஸி. 1959இல் ஆலன் காலமர் வெளியிட்ட பலகை விளையாட்டு. ஏழு பேர், முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, பகடை கிடையாது. எல்லாரும் தங்கள் கட்டளைகளைச் சீட்டில் எழுதி வைப்பார்கள், ஒரே நேரத்தில் எல்லாச் சீட்டையும் பிரிப்பார்கள். 1963 முதல் இதைத் தபாலில் ஆட ஆரம்பித்தார்கள். 1980களின் கடைசியில் ஈமெயிலில் கட்டளைகளை வாங்கி, கெடு வந்ததும் தானே முடிவைக் கணக்குப் போட்டு எல்லாருக்கும் அனுப்பும் நிரல் வந்துவிட்டது. அது மெயிலா, சர்வரா? இரண்டும்தான்.

எங்கள் பாடத்தில் படித்ததை வைத்துச் சொன்னால் இன்னும் லேசாகப் புரியும். பங்குச் சந்தையில் காலை 9.15க்குத் தொடர் வர்த்தகம் ஆரம்பித்த பிறகு, மைக்ரோ வினாடி முந்தியவனுக்கு லாபம். ஆனால் அதற்கு முன்னால் 9 மணிக்கு, 2010 அக்டோபரிலிருந்து, முன்திறப்பு என்று ஒரு நேரம் இருக்கிறது. அதில் வாங்குபவர், விற்பவர் எல்லாருடைய ஆர்டரையும் முதலில் சேர்த்துக்கொள்கிறார்கள், பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரே தொடக்க விலையைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே விலையைத் தீர்மானிப்பது யார் என்ன நினைக்கிறார்கள் என்பது. யாருடைய ஒயர் நல்ல ஒயர் என்பதல்ல. பணப் பரிமாற்றத்தில் ஆர்.டி.ஜி.எஸ். உடனுக்குடன், நெஃப்ட் அரை மணிக்கு ஒரு கட்டு. இரண்டுக்கும் வேலை இருக்கிறது. கட்டுக் கட்டாகப் போவதால் நெஃப்டைப் பழங்காலத்துச் சங்கதி என்று யாரும் கேலி செய்வதில்லையே.

ஒயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2020 ஆகஸ்ட் 30. கொரோனா காலத்தில் உலக செஸ் கூட்டமைப்பு நடத்திய ஆன்லைன் ஒலிம்பியாடின் இறுதிப் போட்டி, இந்தியாவும் ரஷ்யாவும். நம் அணியில் விஸ்வநாதன் ஆனந்த், ஹம்பி, விதித் என்று பெரிய ஆட்கள். முதல் சுற்று 3-3 சமம். இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருக்கும்போது உலகம் முழுக்க இணையத்தில் ஒரு பெரிய கோளாறு. நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் இரண்டு பேருக்கும் இணைப்பு அறுந்து, கடிகாரம் ஓடி, நேரத்தில் தோற்றதாகக் கணக்கானது. இந்தியா முறையிட்டது. கடைசியில் இரண்டு நாட்டுக்கும் தங்கம் என்று கூட்டமைப்பின் தலைவர் அறிவித்தார். நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே போட்டியின் காலிறுதியில் நம்மோடு ஆடிய ஆர்மீனிய அணிக்கும் இணைப்புதான் அறுந்தது. அவர்கள் முறையீடு ஏற்கப்படவில்லை. கோபித்துக்கொண்டு விலகிப் போனார்கள். இந்த இரண்டு தீர்ப்பில் எது சரி என்று நான் பஞ்சாயத்துப் பேச வரவில்லை. பதினைந்து நிமிடக் கடிகாரத்தில், நேரடி இணைப்பில், உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கே இதுதான் கதி. ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல் என்று இருந்தால் அந்தக் கோளாறு யாருக்கும் தெரிந்தே இருக்காது.

மெயில் மட்டும் தவறாதா என்றால், தவறும். 1999இல் காஸ்பரோவ் ஒரு பக்கம், உலகமே இன்னொரு பக்கம் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு ஆட்டம் நடத்தியது. நகர்த்தலுக்கு 24 மணி நேரம். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டு ஆடினார்கள். நான்கு மாதம், 62 நகர்த்தல். உலக அணிக்கு யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர் ஐரினா க்ரஷ், அப்போது பதினைந்து வயதுப் பெண். 58ஆவது நகர்த்தலில் மின்னஞ்சல் தாமதத்தால் அவருடைய பரிந்துரை நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஓட்டு வேறு நகர்த்தலுக்கு விழுந்தது, ஆட்டம் கைவிட்டுப் போனது. சாதாரணமாக நடக்கும் மெயில் செஸ்ஸிலும் "நான் அனுப்பிட்டேன்", "எனக்கு வரலை" என்ற தகராறு எப்போதும் உண்டு. சர்வதேசக் கடிதச் செஸ் கூட்டமைப்பே 2004இல் தனக்கென்று ஒரு சர்வரைக் கொண்டு வந்தது. அதையும் மறுபடி பாருங்கள். நாள்கணக்கில் யோசிக்கும் ஆட்டத்தை அவர்கள் கைவிடவில்லை. தபால்காரரை மட்டும்தான் மாற்றினார்கள்.

கடிதச் செஸ்ஸுக்கு வந்த நிஜமான ஆபத்து வேறு. யோசிக்க நாள்கணக்கில் நேரம் இருந்தால், கம்ப்யூட்டரிடம் கேட்கவும் நேரம் இருக்கும். அந்தக் கூட்டமைப்பு அதை அனுமதித்தே விட்டது. விளைவு, மேல்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் டிரா. இது மெயில் கட்சிக்கு எதிரான வலுவான வாதம், மழுப்ப விரும்பவில்லை. சிவிலைசேஷனில் இதற்குச் சமமான திருட்டுத்தனம் ஒன்று உண்டு. 70 சதவீதம் ஜெயிக்க வாய்ப்புள்ள சண்டையில் தோற்றுவிட்டால், கோப்பை மூடிவிட்டு மறுபடி திறந்து ஆடுவது. அதே சண்டையை அதே வரிசையில் போட்டால் அதே முடிவுதான் வரும்படி ஆட்டத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் வரிசையை மாற்றிப் போட்டால் முடிவும் மாறலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவதாக இருந்தால் நானே சர்வரில்தான் ஆடச் சொல்வேன். தெரிந்தவர்களோடு என்றால், ஏமாற்றி ஜெயித்து அவனோடு எப்படி டீ குடிப்பது?

நேரடி இணைப்பிலேயே பிறந்து அதற்காகவே செய்யப்பட்ட ஆட்டங்களும் இருக்கின்றன, அவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1997இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 28.8 கிலோபிட் மோடத்தில் எட்டுப் பேர் ஆட வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. ஆயிரக்கணக்கான வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற விவரத்தை அந்த ஒயரில் அனுப்ப முடியாது. அதனால் அவர்கள் வீரர்களை அனுப்பவே இல்லை. "இந்த வில்லாளிகள் அங்கே போகட்டும்" என்ற கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். எட்டுக் கம்ப்யூட்டரும் ஒரே யுத்தத்தைத் தனித்தனியாக, அச்சுப் பிசகாமல் கணக்குப் போடும். கட்டளை உடனே நடக்காது. சுமார் 200 மில்லி வினாடிக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்றுத் தள்ளித்தான் நடக்கும். எல்லாருடைய கட்டளையும் வந்து சேர அவ்வளவு அவகாசம். அதாவது, நேரடி ஆட்டத்தின் வயிற்றுக்குள்ளும் ஒரு குட்டித் தபால் நிலையம்தான் இருக்கிறது! அதிலும் மெதுவான கம்ப்யூட்டர் வைத்திருப்பவனின் வேகம்தான் எல்லாருக்கும். மெயிலில் அவன் தாமதம் யாரையும் உறுத்தாது. நேரடியில் அவனை ஏழு பேர் திட்டுவார்கள். அடுத்த வாரம் அவனைக் கூப்பிடவே மாட்டார்கள். அவன் பெரும்பாலும் நம் ஊர்ப் பக்கத்துப் பையனாகத்தான் இருப்பான்.

தூரமும் தாமதமும் வியூகத்துக்கு எதிரி என்று நினைப்பவர்கள் ஒரு தடவை செஞ்சிக் கோட்டை மேலே ஏறி நின்று யோசிக்கலாம். 1690இல் ஜுல்பிகார் கானின் மொகலாயப் படை இந்த மலைகளைச் சுற்றி வளைத்தது. உள்ளே மராட்டிய ராஜாராம். ஔரங்கசீப் நூற்றுக்கணக்கான மைல் தள்ளித் தக்காணத்தில் பாளையம் போட்டிருந்தார். கட்டளை அங்கிருந்து கடிதமாக வர வேண்டும். 1692 கடைசியில் செய்தி சரியாக வராமல், பாதுஷா இறந்துவிட்டார் என்று வதந்தி பரவியது. முற்றுகைப் படையில் இருந்த அவர் மகன் காம் பக்ஷ், கோட்டைக்குள் இருந்தவர்களோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தான். விஷயம் தெரிந்து ஜுல்பிகார் கானும் அவன் அப்பா அசத் கானும் இளவரசனையே சிறைபிடித்தார்கள். 1693 தொடக்கத்தில் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில், ராஜாராம் தப்பித்துப் போன பிறகு. செய்தி தாமதம், சந்தேகம், காத்திருப்பு, பேரம், துரோகம் எல்லாம் சேர்ந்ததுதான் எட்டு வருஷ முற்றுகை. பதினைந்து நிமிடத்தில் கோட்டையைப் பிடிக்கும் ஆட்டத்தில் இதில் ஒன்றுக்கும் இடமில்லை. எங்கள் மெயில் ஆட்டத்தில் சிங்கப்பூர்க்காரன் இரண்டு நாளாகப் பதில் போடவில்லை என்றால், அவனுக்கு ஓவர்டைமா, அல்லது கடைக்காரனோடு சேர்ந்து எனக்குக் குழி பறிக்கிறானா என்று வகுப்பில் காஸ்ட் அக்கவுண்டிங் நடக்கும்போது யோசித்துக்கொண்டிருப்பேன். ஆட்டம் பத்து நிமிடம், நினைப்பு நாள் முழுக்க.

இன்னொன்று. சர்வர் என்பது அடுத்தவன் வீட்டுத் திண்ணை. அவன் கதவைச் சாத்தினால் நாம் எழுந்து போக வேண்டியதுதான். பல விளையாட்டுகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த கேம்ஸ்பை 2014 மே 31இல் மூடப்பட்டது. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது, அக்டோபர் 30இல் அந்தக் கம்பெனி இந்தியாவுக்கான சர்வரையும் நிறுத்தியது. தடை சரியா தவறா என்பது வேறு விஷயம். ஒரு ராத்திரியில் நம் ஆட்டம் இல்லாமல் போகலாம் என்பதுதான் விஷயம். என்னிடம் எங்கள் ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக் கோப்பும் மெயிலில் தேதி வாரியாகக் கிடக்கிறது. யார் எப்போது என்ன ஒப்பந்தம் செய்தான், எப்போது மீறினான் என்று லெட்ஜர் மாதிரி எடுத்துக் காட்டலாம், காட்டியும் இருக்கிறேன்.

மெயில் ஆட்டங்கள் பெரும்பாலும் ஜெயித்தோ தோற்றோ முடிவதில்லை, யாராவது ஒருவன் அனுப்பாமல் விட்டு அநாதையாகச் சாகின்றன என்பது மட்டும் உண்மை. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இரண்டு நாள் கெடு. பரீட்சை, கல்யாணம், சாவு என்றால் முன்கூட்டியே ஒரு வரி சொன்னால் போதும், எத்தனை நாளானாலும் காத்திருப்போம். சொல்லாமல் கெடுவைத் தாண்டினால், அவனுடைய நாட்டை ஒரு சுற்றுக்கு அவனுக்குப் பிடிக்காதவன் ஆடுவான். பாஸ்வேர்டு நால்வருடையதும் ஒரு உறையில் போட்டு செஞ்சிக் கடையின் கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது. இதுவரை அந்த உறையை ஒரே ஒரு தரம்தான் பிரித்தோம்.